முகூர்த்தத்துக்காக நிறுத்தப்படும் மாத்திரை

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் முகத்தில் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ளலாமா? அழகுச் சிகிச்சைக் கூடங்களில் இதற்கு ஓர் ஆயத்தப் பதில் கிடைக்கும்: “அஞ்சு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க மேடம், ஒண்ணும் ஆகாது.” என் எதிர்ப்பு முழுவதும் இந்தப் பதிலோடுதான். ஊசியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஊசியையும் மாத்திரை நிறுத்தத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டுப் பேசுவதால், பயப்பட வேண்டாத இடத்தில் பயமும் பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

கடற்கரை ஊரான கல்பாக்கத்தை வைத்து இதைப் பேசக் காரணம் இருக்கிறது. அணு உலை ஆராய்ச்சி மையம் இங்கே 1971-இல் தொடங்கப்பட்டது. அதுதான் பின்னர் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆனது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையில் இயக்கம் கண்டது. அந்த ஆண்டுகளில் இளைஞர்களாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் புதுப்பட்டினத்திலும் செங்கல்பட்டிலும் தாம்பரம் பக்கத்திலும் குடியேறிவிட்ட ஓய்வூதியர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள், இதயத் துடிப்பு தாளம் தப்பியவர்கள், ஒருமுறை பக்கவாதம் வந்து மீண்டவர்கள் இந்த வயதில் சகஜம். ஈகோஸ்பிரின் என்ற ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் அபிக்ஸபானும் அவர்கள் வீட்டு மாத்திரை டப்பாவில் பழகிப்போன பெயர்கள்.

கல்பாக்கம் நகரியத்தின் வேலிக்கு வெளியே, குப்பங்களிலும் உள்கிராமங்களிலும், கதை வேறு. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்து, இருபது முப்பது வயதிலேயே செயற்கை வால்வு வைத்துக்கொண்ட பெண்கள் நம் ஏழைக் குடும்பங்களில் கணிசம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போயிருக்கிறது. அந்த வகை வால்வு உள்ளே இருந்தால் ஆயுள் முழுக்க வார்ஃபரினோ அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோமோ சாப்பிட்டாக வேண்டும். அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் அதற்கு ஆகாது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தால் மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கப்படுகின்றன. ஆக, இந்த மாத்திரைகள் இப்போது எல்லா வீட்டுக்கும் வந்துவிட்ட மாத்திரைகள்.

இவர்கள் எதற்கு ஃபில்லர் போடப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் ஒரு கல்யாண வீட்டை யோசித்துப் பார்க்கட்டும். மகள் கல்யாணம், அறுபதாம் கல்யாணம், பேரன் காது குத்து. எல்லாவற்றுக்கும் ஆல்பம், வீடியோ, திரையில் பெரிதாகத் தெரியும் முகம். பல் விழுந்து கன்னம் ஒட்டிப்போன ஓர் அம்மாள், மகள் பக்கத்தில் நிற்கும்போது கொஞ்சம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதைக் குற்றமாக்க எனக்கு மனம் வரவில்லை. “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு” என்ற அதட்டல்தான் அவரை யாருக்கும் தெரியாமல் போய் ஊசி போட்டுக்கொள்ள வைக்கிறது. தெரியாமல் போகிறவர் இதய மருத்துவரிடமும் சொல்ல மாட்டார்.

ஃபில்லரின் நல்ல பக்கத்தை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹையலுரானிக் அமிலக் களிம்பு. நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே உள்ள பொருளின் கெட்டிப்படுத்திய வடிவம். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வகையில் முதலாவதான ரெஸ்டிலேனை 2003 டிசம்பரில் அனுமதித்தது. சுருக்கத்தை உண்டாக்கும் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் வேறு. பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் வேறு. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இது நிரந்தரம் இல்லை. மாதங்கள் போகப் போகத் தானே கரைந்துவிடும். பிடிக்காவிட்டாலும் தவறு நேர்ந்தாலும் ஹையலுரோனிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டு உடனே கரைக்கலாம். அழகுச் சிகிச்சை உலகில் பின்வாங்க இப்படி வழி வைத்திருக்கும் முறைகள் குறைவு.

ஃபில்லர் வெறும் ஆடம்பரமும் இல்லை. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, முதல் மையங்களில் ஒன்று நம் தாம்பரம் சானடோரியம். அப்போது கொடுக்கப்பட்ட ஸ்டாவுடின் உயிரைக் காத்தது. ஆனால் பலருக்குக் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தைக் குழிய வைத்தது. ஊர் அந்தக் கன்னத்தைப் பார்த்தே நோயைக் கண்டுகொண்டது. அதே 2004-இல் அமெரிக்காவில் இப்படிக் குழிந்த முகத்துக்கென்றே ஒரு ஃபில்லர் அனுமதி பெற்றது. முகம் நிரம்புவது சிலருக்கு மானத்தோடு தெருவில் நடப்பதற்கான வழி.

இனி ரத்தப்போக்கு. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஊசி குத்தினால் என்ன ஆகும்? கன்றிப்போகும். மற்றவர்களைவிடப் பெரிதாக, கருநீலமாக, கூடுதல் நாட்களுக்கு. சிலருக்கு ரத்தம் தோலடியில் கட்டிக்கொண்டு வீங்கும். நம் தோல் நிறத்தில் கன்றல் ஆறினாலும் அந்த இடத்தில் பழுப்புக் கறை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கிவிடும். வெள்ளைக்காரர்களுக்காக எழுதப்பட்ட நூல்கள் இதை லேசாகத் தொட்டுவிட்டுப் போகின்றன. இவ்வளவும் தொல்லைதான். உயிர் ஆபத்து இல்லை. ஃபில்லர் நிறுவனங்களின் குறிப்பேடுகளே ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குக் கன்றலும் கசிவும் கூடலாம் என்ற எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்கின்றன. ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்குத்தான் கூடவே கூடாது என்று சில குறிப்பேடுகள் சொல்கின்றன. இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

பல் பிடுங்கும் கதையை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் பல் மருத்துவரிடம் போனால் ஈகோஸ்பிரினை ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். இன்று சாதாரணப் பல் பிடுங்கலுக்கும் சிறிய தோல் அறுவைக்கும் மாத்திரையைத் தொடரலாம் என்பதே பொது நிலைப்பாடு. அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரியின் 2022 வழிகாட்டுதலும் வார்ஃபரின் வகை பற்றி அதையே சொல்கிறது. பஞ்சை வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும், மூளைக்குப் போகும் ரத்தக்கட்டியை எதை வைத்தும் அழுத்த முடியாது என்ற கணக்கு அதன் பின்னால் இருக்கிறது. நோயைப் போக்கும் பல் சிகிச்சைக்கே மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று மருத்துவம் வந்துவிட்டது. விரும்பிப் போட்டுக்கொள்ளும் ஓர் ஊசிக்காக நிறுத்தச் சொல்வதை எப்படி நியாயப்படுத்துவது?

நிறுத்தச் சொல்வதன் உண்மைக் காரணம் முகூர்த்த நாள். பத்து நாளில் கல்யாணம். முகத்தில் கன்றல் தெரியக் கூடாது. ஊசி போடுகிறவருக்கும் அது கெட்ட பெயர். கன்றல் இல்லாத முகம்தான் அவருடைய விளம்பரம். கூடத்தில் வைத்துப் பார்த்தால் மாத்திரையை நிறுத்துவது இரு தரப்புக்கும் வசதி. அதன் விலையை ஒரு தரப்புதான் கொடுக்க வேண்டியிருக்கும். அதுவும் வேறொரு நாளில், வேறொரு மருத்துவமனையில். அப்படி வந்து விழும் பக்கவாதத்தை யாரும் ஃபில்லர் கணக்கில் எழுதுவதில்லை. இந்த வழக்கத்தின் ஆகப் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான்.

‘அஞ்சு நாள்’ என்ற கணக்கே தப்பு. வார்ஃபரினை நிறுத்தினால் அதன் வேலை அடங்க ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். திரும்பத் தொடங்கினால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பழைய அளவுக்கு ஏற இன்னும் ஐந்து நாளோ அதற்கு மேலோ ஆகும். ஆக, பாதுகாப்பு குறைந்த காலம் அஞ்சு நாளைத் தாண்டி வெகுதூரம் நீள்கிறது. கன்றல் வந்துவிட்டால் “மறையட்டும், அப்புறம் போட்டுக்கலாம்” என்று அதையும் நீட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆஸ்பிரின் கதை வேறு: அது தொட்ட ரத்தத் தட்டணு அதன் ஏழு முதல் பத்து நாள் ஆயுள் முழுக்க வேலை செய்யாது. அஞ்சு நாள் நிறுத்தினால் கன்றலும் முழுதாகக் குறையாது, பாதுகாப்பும் பாதி போகும்.

நிறுத்துவதால் எவ்வளவு ஆபத்து? 2015-இல் வெளியான பிரிட்ஜ் என்ற ஆய்வு துடிப்பு தாளம் தப்பிய 1,884 பேரைப் பின்தொடர்ந்தது. அறுவைக்காகவோ வேறு சிகிச்சைக்காகவோ வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அவர்கள். இடைக்கால ஊசி மருந்து தேவையில்லை என்பதைத்தான் அது நிறுவியது. அதே ஆய்வில் 30 நாளுக்குள் ஆயிரத்தில் 4 பேருக்குப் பக்கவாதம் போன்ற அடைப்பு வந்தது. அதில் ஒரு பங்கு மாத்திரையை நிறுத்தாமலே வந்திருக்கக்கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே எந்த நாளில் நிறுத்துவது, எப்போது தொடங்குவது எல்லாம் மருத்துவர்கள் குறித்துக் கொடுத்தவை. செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்துகிறவருக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. புதிதாக ஸ்டென்ட் வைத்தவர், மிட்ரல் இடத்தில் செயற்கை வால்வு வைத்தவர் ஆகியோருக்கு நிலைமை இன்னும் மோசம். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டினால் அது மாரடைப்பு. வால்வு கட்டிக்கொண்டால் உயிருக்கே உலை.

மறுபக்கம் இன்னொரு தவறான நம்பிக்கை உலவுகிறது. ஃபில்லரின் கொடிய விளைவு ரத்தக்குழாய் அடைப்பு என்று கேள்விப்பட்டவர், “நான்தான் ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிடுறேனே, எனக்கு அடைக்காது” என்று தைரியம் கொள்கிறார். அங்கே அடைப்பது ரத்தக்கட்டி இல்லை; களிம்பேதான். தமனிக்குள் போன களிம்பை எந்த அசிட்ரோமும் கரைக்காது. 2021-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 370 பேரின் அனுபவத்தில் 17 லட்சம் சிரிஞ்சுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று வந்தது. கூர் ஊசியால் போட்டபோது 6,410 சிரிஞ்சுக்கு ஒரு அடைப்பு. முனை மழுங்கிய கேனுலாவால் போட்டபோது 40,882-க்கு ஒன்று. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்தக் கேனுலா இரட்டை ஆதாயம்: தமனியைத் துளைப்பதும் குறைவு, கன்றலும் குறைவு. கேனுலா உள்ளே போக ஒரு துளை போட்டால் போதும். ஊசி என்றால் பல குத்து. மாத்திரையில் கை வைப்பதற்கு முன் மாற்ற வேண்டியது கருவியை. இதைச் சொல்லாமல் “நிறுத்திட்டு வாங்க” என்று தொடங்கும் இடம் தன் கைத்திறன் குறையை நோயாளியின் இதயத்தின் மேல் ஏற்றுகிறது.

மாத்திரையும் அடைப்பும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் போதிய பேச்சு இல்லை. அடைப்பு வந்தால் முதலில் தோல் வெளுக்கும், பிறகு வலைபோலச் சிவந்த நீலக் கோடுகள் ஓடும். அழுத்தி விட்டால் ரத்தம் திரும்ப வரத் தாமதமாகும். மாத்திரை சாப்பிடுகிறவர் முகத்தில் அதற்குள் பெரிய கன்றல் பரவிவிட்டால் இந்த அடையாளங்கள் அதற்கடியில் மறைந்துபோகும். கறுத்த தோலில் வெளுப்பே தெளிவாகத் தெரியாது. “கன்னிப்போச்சு, ஐஸ் வைங்க, சரியாகிடும்” என்று அனுப்பிவிட்டால் தோல் செத்துப்போகும். ஆகவே கன்றல் வந்த பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட்டு, அழுத்தி, காத்திருந்து பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். வலி கூடிக்கொண்டே போனால் அது வெறும் கன்றல் இல்லை என்று வீட்டுக்குப் போகிறவருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.

அடைப்புக்கு முதலுதவியாகப் பல இடங்களில் ஹையலுரோனிடேஸோடு ஆஸ்பிரினும் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே அபிக்ஸபானோ அசிட்ரோமோ சாப்பிடுகிறவருக்கு அதை யோசிக்காமல் கொடுத்தால் ரத்தப்போக்கு வயிற்றிலோ மூளையிலோ முளைக்கலாம். ஊசி முடிந்ததும் வலிக்கு டைக்ளோஃபெனாக், புண் வராதிருக்க ஆன்டிபயாடிக் என்று எழுதித்தரும் பழக்கமும் ஆபத்துதான். மெட்ரோனிடசோலும் சிப்ரோஃப்ளாக்சசினும் வார்ஃபரின் வகையின் வேகத்தைத் தூக்கிவிடக்கூடியவை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். நிறுத்த ஏதாவது வேண்டுமென்றால் மீன் எண்ணெய் கேப்சூல், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, ஜின்கோ இவற்றை மருத்துவரிடம் கேட்டுவிட்டு நிறுத்தலாம். பலருக்கு இவற்றைச் சாப்பிட யாரும் எழுதித்தரவே இல்லை.

இந்தக் கடற்கரையின் தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபில்லரால் பார்வை போவது மிக அரிது. 2015-இல் வந்த ஒரு தொகுப்பு உலகெங்கும் பதிவான 98 பேரைப் பட்டியலிட்டது. புருவ நடுவும் மூக்கும் அதில் முன்னணியில் நின்ற இடங்கள். விழித்திரைக்கு ரத்தம் நின்றால் மீட்கப் பொதுவாகச் சொல்லப்படும் அவகாசம் 60 முதல் 90 நிமிடம்; அதைவிடக் குறைவு என்பாரும் உண்டு. கல்பாக்கத்திலிருந்து சென்னை சுமார் 70 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலை காலியாக இருந்தாலே அந்த அவகாசம் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரக் கூட்டத்தில் பேசவே வேண்டாம். சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே பஸ் ஏறித் திரும்புகிறவருக்கும் இதே சிக்கல், தலைகீழாக. ஹையலுரோனிடேஸ் அரிய மருந்து இல்லை. கண் அறுவைக்கு மரத்துப்போக ஊசி போடும்போது கண் மருத்துவமனைகளில் அன்றாடம் புழங்குவதுதான். ஊசி போடும் கூடத்தின் ஃபிரிட்ஜில் அது இல்லாவிட்டால் அங்கே ஃபில்லர் போடக் கூடாது. அதோடு, அந்த நொதியால் கரையாத கால்சிய வகை, சிலிகோன் வகைகளை மாத்திரை சாப்பிடுகிறவர் அறவே தவிர்ப்பது நல்லது.

யார் ஊசி போடுகிறார் என்பது தனிப் பிரச்சினை. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இலேயே வந்துவிட்டது. இருந்தும் 2016-இல் சென்னையில் தலைமுடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்தபோது, அந்த இடம் சலூன் என்ற உரிமத்தில் நடந்துவந்தது தெரியவந்தது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவருக்கே தான் போன இடம் எத்தகையது என்று பிரித்தறிய முடியவில்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் பட்டறைகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றுக்கொண்டு அழகுச் சிகிச்சை செய்வதை எச்சரித்தது. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஃபில்லரைச் செலுத்தும் பேனாக்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. 2021-இல் சொல்லியும் அவை இணையத்தில் விற்பனையாகின்றன. இப்படிப்பட்ட இடங்களில் “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க” என்ற கேள்வியே எழாது.

தகுதியுள்ள தோல் மருத்துவரிடம் போனாலும் ஓர் இடைவெளி மிச்சம் இருக்கிறது. மாத்திரை எழுதியவர் அணுசக்தித் துறை மருத்துவமனையிலோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியிலோ இருக்கிறார். ஊசி போடுகிறவர் பழைய மகாபலிபுரம் சாலையிலோ சென்னையிலோ இருக்கிறார். இருவருக்கும் இடையே ஒரு காகிதம்கூடப் போவதில்லை. அழகுச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடையாது; கைக்காசு போட்டுச் செய்வது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. கல்பாக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை: உலையில் ஒரு பாதுகாப்புக் கருவியைக் கொஞ்ச நேரம் செயலிழக்க வைப்பதென்றால் எழுத்தில் அனுமதி வேண்டும், பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும், எப்போது திரும்ப இயக்குவது என்ற நேரமும் வேண்டும். வெளியிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர் வாயால் சொன்னார் என்று எவரும் அதைத் தொட மாட்டார்கள். தன் உடம்பின் பாதுகாப்பு விஷயத்தில் அதே மனிதர்கள் வரவேற்பறைப் பெண்ணின் வாய்வார்த்தைக்கு இணங்கிவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எழுதியவரைத் தவிர வேறு யாரும் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. அவரும் பெரும்பாலும் நிறுத்தச் சொல்ல மாட்டார். அசிட்ரோம் என்றால் அண்மையில் எடுத்த ஐ.என்.ஆர். தன் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார். அபிக்ஸபான் போன்றவை என்றால், முந்தைய வேளையின் வேகம் தணிந்த நேரமாகப் பார்த்து ஊசியை வைத்துக்கொள்ளச் சொல்லலாம். நேரம்தான் நகரும், மருந்து நிற்காது. ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம், ஓராண்டு ஆகாதவருக்கும், ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்த மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கும், ஐ.என்.ஆர். ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவருக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்பதே சரியான பதில். கண்ணுக்குக் கீழ்ப் பள்ளம், மூக்கு, புருவ நடு இம்மூன்றையும் மாத்திரை சாப்பிடும் எவருக்கும் நான் ஆதரிக்க மாட்டேன். கண்ணைச் சுற்றி ரத்தம் தேங்கினால் அழுத்திப் பிடிக்க அங்கே இடமில்லை.

கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் மட்டும், கேனுலாவால், கொஞ்சமாக, கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்னதாக என்றால் மாத்திரையை ஒரு வேளைகூட விடாமலே செய்யலாம். கன்றல் வந்தாலும் முகூர்த்தத்துக்குள் பெரும்பாலும் ஆறிவிடும். மிஞ்சும் பழுப்பை எந்த மேக்கப்காரரும் அரை மணி நேரத்தில் மறைத்துவிடுவார். நாள் நெருங்கியபின் வருகிறவரிடம் “மாத்திரையை நிறுத்துங்கள்” என்று சொல்வதற்குப் பதில் “இந்தக் கல்யாணத்துக்கு வேண்டாம்மா” என்று சொல்லித் திருப்பி அனுப்பும் மருத்துவர் பல ஆயிரம் ரூபாயை இழக்கிறார். அப்படிச் சொல்லும் மருத்துவரிடம்தான் அந்த அம்மாள் அடுத்த வருஷம் நிதானமாகப் போக வேண்டும், இதய மருத்துவரின் கடிதத்தோடு.